‘நம்ம ஆளுதானே’ என்று விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் சிறு தொண்டு நிறுவனங்களை நடத்திவரும் அறங்காவலர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஓர் அறக்கட்டளையின் செயற்குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போன கூட்டத்தின் தீர்மானங்களைச் செயலாளர் வாசிப்பார். வரவு செலவுத் தாள் கை மாறிக்கொண்டே போகும். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் தாளின் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார். ‘அதெல்லாம் சார் பார்த்துப்பார்’ என்று தணிந்த குரலில் பதில் வரும். அதற்குள் டீ வந்துவிடும். மினிட் புத்தகம் சுற்றி வரும். எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

‘இடர் மேலாண்மை’ என்ற பேச்சு எழுந்தாலே, அது வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் உரிய சமாச்சாரம் என்று உங்களில் பலர் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். பத்து ஊழியர்கள், முப்பது குழந்தைகள், ஒரு பழைய வேன், மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் கணக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக்கு அதெல்லாம் எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் உங்களைப் போன்ற அமைப்புகளைச் சாய்த்த ஆபத்துகள் எங்கே தொடங்கின என்று தேடிப் பார்த்தால் மிகச் சாதாரணமான இடத்தில் போய் நிற்கும். காசோலைப் புத்தகம் யாருடைய மேசையில் கிடக்கிறது, இரவில் சாவி யாரிடம் இருக்கிறது, ஓ.டி.பி. யாருடைய செல்போனுக்கு வருகிறது என்ற அளவில்தான் அவை ஆரம்பிக்கின்றன. கெட்ட எண்ணத்தோடு தொண்டுப் பணிக்கு வருபவர்கள் குறைவு. நல்லவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கக் கூசுவதால் வந்த கேடுதான் அதிகம்.

அப்படிக் கூசாமல் கேட்ட ஒருவரின் கதை இது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்பிரிங் ஆர்பர் என்ற சிறிய கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கணக்கியல் கற்பித்துக்கொண்டே கல்லூரி அலுவலகக் கணக்குகளையும் பகுதி நேரமாகப் பார்த்துவந்தார் ஆல்பர்ட் மேயர். 1993-இல் வங்கிப் பதிவுகளைப் புரட்டியபோது 2,94,000 டாலர் ஓர் அறக்கட்டளைக்குப் போயிருப்பது அவர் கண்ணில் பட்டது. எதற்காக என்று விசாரித்தார். பிலடெல்பியாவில் ‘நியூ எரா’ என்றொரு அமைப்பு இருக்கிறது, அதனிடம் பணத்தைக் கொடுத்துவைத்தால் பெயர் சொல்ல விரும்பாத பெரும் செல்வந்தர்கள் சில மாதங்களில் அதை இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்று பதில் வந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே இரட்டிப்பாக வந்துகொண்டும் இருந்தது. தேவாலயங்கள், கல்லூரிகள், அருங்காட்சியகங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. லாரன்ஸ் ராக்பெல்லரைப் போன்ற பெரிய மனிதர்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள்.

மேயருக்கு மனம் ஒப்பவில்லை. புதிதாக வருபவர் கட்டும் பணத்தைத்தான் பழையவருக்குக் கொடுக்கிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கு. வரி ஆவணங்களைத் தேடி எடுத்தார், கேட்டவரிடமெல்லாம் சொன்னார், கல்லூரி நிர்வாகத்துக்கு எழுதினார். நிர்வாகம் அதை ரசிக்கவில்லை. கல்லூரிக்கு வரும் நல்ல காசை இவர் கெடுக்கப் பார்க்கிறார் என்பதுபோலப் பார்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் விடாமல் தோண்டியவர், கடைசியில் தன்னிடமிருந்த ஆவணங்களைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கே அனுப்பிவைத்தார். 1995 மே மாதம் நியூ எரா திவாலானது. பெயர் சொல்ல விரும்பாத செல்வந்தர்கள் என்று யாருமே கிடையாது என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதை நடத்திய ஜான் பென்னட்டுக்கு 1997-இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முன்பே இரட்டிப்புப் பணம் வாங்கிச் செலவு செய்துவிட்ட அமைப்புகளும் அந்த உபரியைத் திருப்பித் தர நேர்ந்தது.

இந்தக் கதை நம் ஊருக்குப் புதிதில்லை. அதிக வட்டி காட்டிய நிதி நிறுவனங்களில் போட்டு ஏமாந்தவர்களுக்காகவே 1997-இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அறக்கட்டளைப் பணத்தை எங்கெங்கே போட்டுவைக்கலாம் என்று வருமான வரிச் சட்டம் ஒரு பட்டியலே தந்திருக்கிறது: அரசுக் கடன் பத்திரம், அஞ்சலகச் சேமிப்பு, வங்கி வைப்பு என்று போகும் அந்தப் பட்டியல். உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் நடத்தும் பைனான்ஸ் கம்பெனி அதில் கிடையாது. இரண்டு வட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்று அங்கே போட்டால் முதலும் போகலாம், வரிவிலக்கும் போகலாம்.

அடுத்தது காசோலை. தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று உங்கள் பத்திரத்தில் எழுதியிருப்பீர்கள். பொருளாளர் சென்னையில் மகன் வீட்டில் இருப்பார். மாதா மாதம் வர முடியாது. எனவே வரும்போது மொத்தமாக இருபது தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அன்றோடு ‘இருவர் கையெழுத்து’ என்ற காவல் காகிதத்தில் மட்டும்தான். நெட் பேங்கிங் வந்தபிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது: கடவுச்சொல்லும் ஒருவரிடம், ஓ.டி.பி. வரும் போனும் அவரிடமே. பணம் அனுப்பப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் தருகின்றன. கிளைக்குப் போய் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். மாதம் ஒருமுறை வங்கி ஸ்டேட்மென்டைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை, கணக்கு எழுதாத ஒருவரிடம் கொடுங்கள்.

இப்படிச் சொன்னதும் ‘பத்து வருஷமா வேலை பார்க்கிற பிள்ளையைச் சந்தேகப்படச் சொல்றீங்களா’ என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. பணம் குறைந்தால் முதல் சந்தேகம் யார்மேல் விழும்? அமைப்பிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் கணக்கர் மேல்தான். இரண்டு பேர் பார்த்த கணக்கு என்றால் அவர் நிமிர்ந்து நிற்கலாம். ரசீதுப் புத்தகத்துக்கும் இதே நியாயம். தொடர் எண் அச்சிட்ட புத்தகம், எந்தப் புத்தகம் யாரிடம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு, திரும்பி வந்ததற்குக் கையெழுத்து ஆகியவை இருந்தால் திருவிழா வசூல் நேரத்து வீண்பேச்சு பாதி குறையும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிய நன்கொடைக்குக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் வசூலுக்குப் போகும் தம்பிகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

பணம் போனால் மறுபடியும் திரட்டலாம். உயிர் அப்படியில்லை.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்துப் பராமரித்த தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோரின் கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. 28 பேர் இறந்தார்கள். அலறல் கேட்டு ஓடிவந்தவர்களால் சங்கிலியை அவிழ்க்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் அப்பகுதியின் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் கூடாது என்று தடைசெய்கிறது.

ஏர்வாடித் தீ நடந்து மூன்று ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்த கூரைக் கொட்டகையிலிருந்து கிளம்பிய தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகினார்கள். ஏர்வாடியிலும் கீற்றுதான், கும்பகோணத்திலும் கீற்றுதான். முதல் தீயில் கற்றிருக்க வேண்டிய பாடம் இரண்டாவது இடத்தை எட்டவில்லை.

உங்கள் விடுதியில் கீற்று இருக்காது. கான்கிரீட் கட்டடமாக இருக்கும். ஜன்னல்களில் கம்பி போட்டிருப்பீர்கள். பெண் பிள்ளைகள் விடுதி என்றால் இரவு ஒன்பது மணிக்குக் கிரில் கேட்டை வெளியிலிருந்து பூட்டுவீர்கள். பாதுகாப்புக்காகத்தான். ஆனால் அந்தச் சாவி எங்கே இருக்கிறது? வார்டனின் இடுப்பில். வார்டன் எங்கே? பக்கத்துத் தெருவில், தன் வீட்டில். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல், முன்கூட்டிச் சொல்லாமல், அறங்காவலர் யாராவது ஒருவர் விடுதிக்குப் போய் வாசலில் நின்று, உள்ளே இருக்கும் மூத்த பிள்ளையிடம் ‘இப்போ தீப்பிடிச்சா எப்படிம்மா வெளியே வருவீங்க’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை சொல்லும் பதிலில் உங்கள் விடுதியின் நிலை முழுக்கத் தெரிந்துவிடும். தீயணைப்பான் சிலிண்டரின் மீது ஒட்டியிருக்கும் சீட்டில் அடுத்த சோதனைத் தேதி இருக்கும், அதைப் படியுங்கள். சமையலறையில் சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ஆரஞ்சு நிறக் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். காலாவதி வருடம் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். எரிவாயுக் கசிவுக்கு 1906 என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுவதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும்.

தீ எல்லார் கண்ணிலும் படும். சுவருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும் கொடுமை அப்படிப் படுவதில்லை. பீகாரின் முசாபர்பூரில் ஒரு தொண்டு நிறுவனம் அரசு நிதியில் பெண் குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்திவந்தது. நடத்தியவர் உள்ளூரில் செல்வாக்குள்ளவர், பத்திரிகை உரிமையாளர். அதிகாரிகள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். பீகாரின் 100-க்கும் மேற்பட்ட காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்ய டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழு வந்தபோது, அவர்கள் பதிவேடுகளோடு நின்றுவிடாமல் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசினார்கள். 2018-இல் அவர்கள் தந்த அறிக்கை முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை வெளியே கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் காப்பகத்தை நடத்தியவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பதிவேடு பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களுக்குத் தெரியாத உண்மை, குழந்தைகளைத் தனியாகப் பேசவிட்டவர்களுக்குத் தெரிந்தது.

உங்கள் இல்லத்தில் ஒரு குழந்தை யாரைப் பற்றியாவது புகார் சொன்னால் என்ன செய்வீர்கள்? ‘முதல்ல நாமளே விசாரிப்போம், வெளியே தெரிஞ்சா நிறுவனத்துக்குக் கெட்ட பேரு’ என்பதுதான் பெரும்பாலான கமிட்டிகளில் எழும் முதல் குரல். அந்தக் குரலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அலுவலக அறையில் ஒட்டினால் பயனில்லை. குழந்தைகள் நடமாடும் இடத்தில், அவர்கள் கண் மட்டத்தில் எழுதுங்கள். யாரும் பார்க்காமல் அவர்கள் எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசியும் வேண்டும்.

பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தால் மூடி மறைப்பவர்களுக்கு பிரிட்டனின் ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனத்தின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஹைட்டி நாட்டில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணப் பணிக்குப் போன அதன் ஊழியர்கள் சிலர் பணம் கொடுத்துப் பெண்களை அழைத்துவந்த விவகாரம் 2011-இலேயே உள்விசாரணையில் தெரிந்துவிட்டது. சிலரை நீக்கினார்கள், ஹைட்டிப் பணிக்குத் தலைமை வகித்தவரை ராஜினாமா செய்துவிட்டுப் போகவிட்டார்கள். நடந்ததை முழுமையாக வெளியே சொல்லவில்லை. 2018 பிப்ரவரியில் ‘டைம்ஸ்’ நாளிதழ் அதை எழுதியதும் பத்தே நாளில் 7,000 பேர் தங்கள் மாதாந்திர நன்கொடையை நிறுத்தினார்கள். துணைத் தலைமை நிர்வாகி பதவி விலகினார். ஏழு ஆண்டுக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் வலி இருந்திருக்கும். மறைத்தார்கள் என்ற பழி சேர்ந்திருக்காது.

பெண் ஊழியர்கள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு இல்லை. வெளியாள் ஒருவர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். செயலாளரின் மனைவியையே குழுத் தலைவியாகப் போட்டு வைத்திருக்கும் இடங்களில் எந்தப் பெண் வந்து புகார் சொல்வாள்?

பிறந்தநாள் சாப்பாட்டு விவகாரமும் இதை ஒட்டியதே. ஒரு வேளை உணவுக்குப் பணம் கட்டியவர் குடும்பத்தோடு வருவார். குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்துக் கேக் வெட்டுவார்கள். அன்றிரவே எல்லாக் குழந்தைகளின் முகமும் இல்லத்தின் பெயரோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை இன்னார் என்று அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்ப வைத்து உங்களிடம் சேர்க்கப்பட்ட பிள்ளையின் முகவரியை ஒரு கேக் படம் காட்டிக்கொடுத்துவிடும். வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிட்டு உள்ளே அனுப்புங்கள். நல்ல நன்கொடையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவரின் சாப்பாடு இல்லாமலே அந்த வேளை கழியட்டும்.

குழந்தைகளின் படம் மட்டுமா? பயனாளிகளின் ஆதார் நகல்கள், மருத்துவக் குறிப்புகள், குடும்ப வழக்கு விவரங்கள் எல்லாம் ஒரு பழைய கணினியில், பூட்டில்லாத பீரோவில் கிடக்கின்றன. இதையெல்லாம் யார் திருடப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். போரில் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணினிக்குள்ளேயே 2021 நவம்பரில் புகுந்துவிட்டார்கள். 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அங்கே இருந்தன. காணாமல் போனவர்கள், கைதிகள், அகதிகள். 70 நாள் கழித்துத்தான் சங்கத்துக்கே தெரிந்தது. நிறுவ வேண்டிய ஒரு மென்பொருள் திருத்தம் உரிய நேரத்தில் நிறுவப்படாததுதான் வழியாக அமைந்தது. உங்கள் நிலைமை இதைவிட எளிமையானது. அமைப்பின் இமெயிலைத் திறந்து கொடுத்தது நாலு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போன ஒருங்கிணைப்பாளர். பாஸ்வேர்டு இன்னும் அவர் செல்போனில் இருக்கிறது. வருமான வரித் தளத்தின் கடவுச்சொல் ஆடிட்டர் அலுவலகத்து இளைஞரிடம் இருக்கிறது. செயலாளரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அங்கேயே மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த டோக்கன் உங்கள் கையெழுத்தேதான். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுத்துவைப்பீர்களா? திரும்ப வாங்குங்கள். இணைய மோசடியில் பணம் போனால் அந்த நிமிடமே 1930-க்குப் பேச வேண்டும் என்பது கணக்கருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி, எல்லாரையும் தூங்கவிடாமல் செய்யும் விஷயத்துக்கு வருவோம். பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை பேரிடமிருந்து வருகிறது?

அமெரிக்காவின் ‘கம்பாஷன் இன்டர்நேஷனல்’ 48 ஆண்டுகள் இந்தியாவில் ஏழைக் குழந்தைகளுக்கு உதவிவந்தது. சென்னையைச் சேர்ந்த அதன் கூட்டாளி அமைப்பு ஒன்றின் வழியாகவும் பணம் வந்துகொண்டிருந்தது. முன் அனுமதி இல்லாமல் கம்பாஷன் நிதி அனுப்பக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 2017 மார்ச் 15 அன்று கம்பாஷன் கடையைக் கட்டியது. சுமார் 1,45,000 குழந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்த உதவி நின்றது. அரசு செய்தது சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒரே ஊற்றை நம்பி மாலைநேர மையங்களையும் சமையல்கூடங்களையும் நடத்திய சிறிய அமைப்புகள் ஒரே பருவத்தில் கையறு நிலைக்கு வந்தன. அவர்கள் செய்த வேலையில் குறையில்லை. ஒரே கையிலிருந்து வாங்கியதுதான் குறை.

2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வந்த திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. வெளிநாட்டுப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கும் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடு வரை என்றிருந்தது 20 ஆகிவிட்டது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து தரும் வழி அடைபட்டது. கிராமப்புறச் சிறு அமைப்புகளுக்கு இது பெரிய அடி. உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் திருத்தத்தை ஏற்றுக்கொண்டும் விட்டது. 2022 ஜனவரி 1 அன்று நாடு முழுவதும் 5,700-க்கும் மேற்பட்ட அமைப்புகள் புதுப்பிக்க விண்ணப்பிக்காததால் பதிவை இழந்தன. வேண்டாம் என்று விட்டவர்களும் அவற்றில் உண்டு. தேதி தெரியாமல் விட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பது உங்கள் உலகத்தை அறிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

தேதிகளை ஆடிட்டர் நினைவில் வைத்திருப்பார் என்று இருக்காதீர்கள். அவருக்கு நூறு கட்சிக்காரர்கள். வரிச்சலுகை பெறும் நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் தாக்கல் செய்யத் தவறினால் நாளுக்கு 200 ரூபாய் தண்டம். வெளிநாட்டு நிதியின் ஆண்டறிக்கைக்கு டிசம்பர் 31. வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை முடியும். முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள், கடைசி நாள்வரை தள்ளாமல், புதுப்பிக்கக் கேட்க வேண்டும். இவற்றை ஒரே தாளில் எழுதி, செயலாளர் மேசைக்கு எதிரே காலண்டர் பக்கத்தில் மாட்டுங்கள். சங்கமாகப் பதிவு செய்தவர்கள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தர வேண்டிய ஆண்டு விவரங்களையும் அதில் சேர்த்துவிடுங்கள். பல ஆண்டு பாக்கியாகிப் போய், நிலப் பத்திரம் போடும் நாளில்தான் இது தெரியவருகிறது.

கையிருப்பு பற்றியும் பேச வேண்டும். லண்டனில் ‘கிட்ஸ் கம்பெனி’ என்ற அமைப்பு 1996 முதல் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக உழைத்தது. பிரதமர்களின் பாராட்டு, கோடிக்கணக்கில் அரசு நிதி, புகழ்பெற்ற நிறுவனர் எல்லாம் இருந்தன. 2015 ஜூலைக் கடைசியில் அரசு 30 லட்சம் பவுண்டு கொடுத்தது; ஆகஸ்ட் 5 அன்று அமைப்பு மூடப்பட்டது. அப்போது எழுந்த குற்றச்சாட்டுகளால் நன்கொடை வற்றியது. தாக்குப்பிடிக்கக் கையில் சேமிப்பு இல்லை. பின்னர் அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை உயர் நீதிமன்றம் 2021-இல் தள்ளுபடி செய்தது, அவர்கள் நேர்மையானவர்கள்தான். நேர்மையானவர்கள் நடத்திய அமைப்பு சில நாள் சம்பளத்துக்கு வழியில்லாமல் மூடப்பட்டது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

‘டிரஸ்ட் பணத்தைச் சேமிச்சா டாக்ஸ் போட்டுடுவான்’ என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது தவறு. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பதுதான் விதி. மீதி 15 விழுக்காட்டைச் சேர்த்துவைக்கலாம். அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமென்றால் நோக்கத்தைத் தெரிவித்து ஐந்தாண்டு வரை அவகாசம் வாங்கலாம். மூன்று மாதச் சம்பளமும் மூன்று மாத அரிசியும் வாங்கும் அளவுக்காவது வைப்புநிதி இல்லாமல் குழந்தைகளை ஏற்பது சரியில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1976-இல், ஓய்வுபெற்ற பிறகு, டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். பணம் தரக்கூடியவரிடம் வாங்கி, தர முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது என்று முதலிலேயே வகுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி விலை எட்டாமல் இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். நன்கொடையாளரின் மனமாற்றத்தால் ஓர் அறுவை சிகிச்சையும் நிற்காது என்ற நிலை அப்படித்தான் வந்தது. 2006-இல் டாக்டர் வெங்கடசாமி மறைந்தார். மருத்துவமனை நிற்கவில்லை, வளர்ந்தது. அடுத்தவர்களை அவர் காலத்திலேயே பொறுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். ‘ஐயா இருக்கிறவரை கவலையில்லை’ என்று சொல்லப்படும் எல்லா அமைப்புகளிலும், ஐயா ஒரு மாதம் மருத்துவமனையில் படுத்தால் யார் கையெழுத்துப் போடுவார் என்று இப்போதே கேட்டுவிட வேண்டும். ஐயாவிடமே கேளுங்கள். அவர் வருத்தப்பட மாட்டார். பலர் இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.

காப்பீடு பற்றி நீட்டத் தேவையில்லை. வேனின் இன்சூரன்ஸ், ஓட்டுநரின் உரிமம் இரண்டின் காலாவதித் தேதியையும் இன்றே பாருங்கள். தன்னார்வலர்களும் ஆயாக்களும் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், வயது 18 முதல் 70 வரை. அந்த 20 ரூபாயை அமைப்பே கொடுக்கட்டும்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் சரிசெய்ய யாராலும் முடியாது. அடுத்த செயற்குழுவின் பொருள் நிரலில் ‘ஆபத்துகள்’ என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, அதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சமையல்காரம்மாவையும் ஓட்டுநரையும் வார்டனையும் அந்த அரைமணிக்கு உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். எங்கே ஓட்டை இருக்கிறது என்பது தலைவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பேச்சை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். சொன்னதை எல்லாம் மினிட் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரும் ஒரு தேதியும் போடுங்கள்.

கூட்டம் வரை காத்திருக்க முடியாதவை மூன்று. கையெழுத்துப் போட்டு வைத்த காசோலைகளை இன்றே ரத்து செய்யுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை இந்த வாரத்துக்குள் வாங்கி வந்து பீரோவில் பூட்டுங்கள். விடுதிக் கதவின் இரண்டாவது சாவியை, உள்ளே படுக்கும் பெரியவர் ஒருவரிடம் இன்றிரவே கொடுத்துவிடுங்கள்.